மதிப்பெண் கூடியும் தொட்டியில் குப்பை கலந்தே கிடப்பது குறித்து

வணக்கம். திடக்கழிவு மேலாண்மைப் பாடத்துக்குப் பின் மதிப்பெண் உயர்ந்தும் வகுப்பறைத் தொட்டிகளில் குப்பை தரம் பிரிக்கப்படாமலே கிடப்பதால், ஆய்வு தோற்றுவிட்டதோ என்று வருந்தியிருக்கிறீர்கள். தோற்கவில்லை, 1959-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் பயிற்சி மதிப்பீட்டுக்கு முன்வைத்த எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு என்ற நான்கு நிலைகளில் நீங்கள் கற்றலை மட்டுமே அளந்திருக்கிறீர்கள். "நான் பிரித்துத்தான் போடுகிறேன்" என்று மாணவர் வினாத்தாளில் எழுதுவதை நடத்தைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அடுத்த அணிக்குப் பாடத்துக்கு முன்பும் பின்பும், முடிந்தால் பருவ இறுதியிலும், தொட்டியைத் தார்ப்பாயில் கொட்டி, மக்கும் குப்பைக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் உறைகளைத் தனியே எடைபோட்டு, மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்று குறியுங்கள். கையுறை கட்டாயம். பாடம் நடத்தப்படாத பிரிவின் தொட்டியையும் அதே நாளில் எடைபோட்டால்தான் மாற்றத்துக்குப் பாடம் காரணமா என்று சொல்ல முடியும். வகுப்பறையில் மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்குமான இரு தொட்டிகளும் அருகருகே இல்லையென்றால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அளவீட்டைத் தொடங்குங்கள்.