ஷாங்காயில் ஒரு நாள் ஓய்வு: அம்மாவுடன் எந்தக் கால்வாய் ஊருக்குப் போகலாம்?

கேள்வி: அலுவலகப் பணியாக ஷாங்காயில் இருக்கிறேன். கோவையிலிருந்து அம்மா வருகிறார். பழைய கால்வாய் ஊர் ஒன்றைக் காலையில் போய் மாலைக்குள் பார்த்துத் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். எல்லோரும் ஜோவ்ஜுவாங் என்ற ஊரையே சொல்கிறார்கள். அங்கே போகலாமா?

பதில்: இந்த முறை ஜோவ்ஜுவாங் வேண்டாம். உங்கள் இருவருக்கும் ஏற்ற ஊர், ஷாங்காய் எல்லைக்குள்ளேயே இருக்கும் ஜுஜியாஜியாவ்.

பெயர் பெற்றது ஜோவ்ஜுவாங்தான், மறுக்கவில்லை. சென் யிஃபெய் என்ற ஓவியர் 1984இல் அங்குள்ள இரட்டைப் பாலத்தை வரைந்தார். அந்த ஓவியத்தை அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் வாங்கி அன்றைய சீனத் தலைவர் டெங் சியாவோபிங்குக்குப் பரிசளித்தார். அதன்பின் ஊரின் புகழ் எங்கோ போய்விட்டது. ஆனால் அது அடுத்த மாகாணமான ஜியாங்சுவில் இருக்கிறது. பஸ்ஸிலோ காரிலோ போய்த் திரும்புவதிலேயே அம்மா களைத்துவிடுவார். ஒரு நாள் பயணத்தில் ஊரின் புகழைவிட, அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேர முடியும் என்பதுதான் முக்கியம். பதினோரு மணிக்குமேல் இந்த ஊர்கள் எல்லாமே ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன: தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், கடை, ஒலிபெருக்கி. ஒன்பது மணிக்குள் போய்விட்டால் கல்லும் தண்ணீரும் கண்ணில் படும்.

ஜுஜியாஜியாவுக்கு மெட்ரோ இருக்கிறது. ஷாங்காய் மெட்ரோவின் 17ஆம் தடம் 2017 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது; அதற்கு முன் இங்கேயும் பஸ்தான். நகரின் நடுவிலிருந்து 2ஆம் தடத்தில் ஹோங்ச்சியாவ் ரயில் நிலையம் வந்து, அங்கே 17ஆம் தடத்துக்கு மாறுங்கள். தடம் அங்கேதான் தொடங்குகிறது என்பதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வழியில் பல இடங்களில் தரைக்கு மேலே ஓடுவதால் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். வீட்டிலிருந்து ஊர் வரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கிறது. அம்மாவை அங்கே நடக்கவிடாமல் டாக்சி பிடித்துவிடுங்கள். அவருடைய முழங்காலுக்கு வேறு வேலை காத்திருக்கிறது.

அந்த வேலை, பாலங்கள். இந்த ஊர்களில் ஆறும் கால்வாயும்தான் சாலையாக இருந்தன. நெல்லும் துணியும் படகில் வந்து படகில் போயின. நிறைசுமைப் படகு அடியில் புகுந்து போக வேண்டும் என்பதால் பாலத்தை உயரமாக வளைத்துக் கட்டி, மேலே போகிறவர்களுக்குப் படி வைத்தார்கள். ஆகவே பழைய பாலம் என்றால் ஏறி இறங்கத்தான் வேண்டும். ட்சாவ்காங் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஃபாங்ஷெங் பாலம் இவற்றில் பெரியது: ஐந்து கல்வளைவுகள், ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், 1571இல் கட்டப்பட்டு 1812இல் புதுப்பிக்கப்பட்டது. படிகள் அகலமானவை, தாழ்வானவை. ஆனால் ஆயிரமாயிரம் கால்கள் பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. மழை நாளில் அம்மாவை ஏறவிடாதீர்கள். பாலத்தின் முழு அழகு கரையில் நின்று பார்த்தால்தான் தெரியும், அதனால் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

பிடிபட்ட மீன் போன்ற உயிர்களை ஆற்றில் விடுவித்துப் புண்ணியம் தேடும் பௌத்த வழக்கத்துக்குப் பெயர்போன பாலம் இது. இன்றும் அங்கே சிறு மீன்களைப் பையில் போட்டு விற்பார்கள், வாங்கி ஆற்றில் விடலாம் என்று. தயவுசெய்து வாங்காதீர்கள். விடுவதற்கென்றே பிடிக்கப்படும் மீனுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

பாலத்தின் அடியிலிருந்து தொடங்கும் வடக்குத் தெருவில் சமதளமாகவே நடக்கலாம். குறுகிய சந்து, இரண்டு பக்கமும் பழைய மரவீடுகளில் கடைகள். இங்கே கடைப் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து சோங்ஸி என்ற இலைக் கொழுக்கட்டை கட்டும் பாட்டிகளைப் பாருங்கள். நீண்ட இலையைக் கூம்பாகச் சுருட்டி, ஒட்டரிசியை அள்ளிப் போட்டு, மீதி இலையை மடக்கி மூடி, நூலின் ஒரு முனையைப் பல்லில் கவ்வியபடி சுற்றி இறுக்குவார்கள். ஒன்று கட்டி முடிப்பதற்குள் அடுத்த இலை கைக்கு வந்திருக்கும்.

நடந்தது போதும் என்று அம்மா சொல்லும்போது படகு ஏறுங்கள். துடுப்புப் படகுக்குக் கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு. கூட இன்னொரு குடும்பம் சேர்ந்தால் செலவு குறையும். படகோட்டி பின்னால் நின்று ஒற்றைத் துடுப்பை ஒரு கையால் தள்ளி, தளத்தோடு பிணைத்த கயிற்றை மறுகையால் இழுப்பார். துடுப்பு தண்ணீரைவிட்டு வெளியே வராது. மீன் வாலை அசைப்பதுபோல் அடியிலேயே இருபுறமும் ஆடும். பக்கவாட்டில் துடுப்பு நீட்ட இடமில்லாத குறுகலான கால்வாய்க்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. போகும்போது கரைச்சுவரைக் கவனியுங்கள். படகைக் கட்டுவதற்காகக் கல்லிலேயே துளையிட்ட கண்ணிகள் இருக்கும், சில அழகான உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கும். தெருவிலிருந்து இவை தெரியவே தெரியாது. படித்துறையில் ஏறி இறங்கும்போது மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. தோட்டம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் டிக்கெட். 1912இல் தொடங்கிய கெஜி தோட்டம் ஒன்று போதும். மற்றவற்றை விட்டுவிடலாம்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். காய்கறிப் பொரியல் என்று வருவதில்கூடப் பன்றிக்கொழுப்போ பொடியாக நறுக்கிய இறைச்சியோ இருக்கக்கூடும். "இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று சீன எழுத்தில் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொண்டு, கடையில் முதலில் அதைக் காட்டுங்கள். சோங்ஸியில் பெரும்பாலும் பன்றியிறைச்சி இருக்கும். சிவப்புப் பயறு வைத்ததையோ வெறும் அரிசியையோ கேளுங்கள், அதையும் எழுத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். தாமரைக்கிழங்கின் துளைகளில் ஒட்டரிசி அடைத்து இனிப்புப் பாகில் வேகவைத்தது அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உலர்த்திய பச்சை சோயா பருப்பு கொறிக்க நல்லது. வயிறு நிறைய வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

பொதுக் கழிப்பறைகளில் குந்தி உட்காரும் வகையே அதிகம். மூட்டுவலிக்காரருக்கு அது பெரும் சோதனை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறையில் நாற்காலி போன்ற இருக்கை இருக்கும். சக்கர நாற்காலிப் படத்தைத் தேடுங்கள். காகிதம் உங்கள் பையில் இருக்கட்டும்.

சனி, ஞாயிறு தவிர்த்து ஒரு வேலைநாளில் விடுப்பு கிடைத்தால் மிக நல்லது. மே முதல் தேதியை ஒட்டிய விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை அங்கே விடாத மழைக்காலம். ஏப்ரலும் நவம்பரும் இதமானவை.

சூஜோவ் நகரில் தங்கும் வாய்ப்பு வந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது அதன் அருகிலுள்ள தோங்லி என்ற கால்வாய் ஊருக்குப் போங்கள். 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த துய்ஸி தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பலரும் சொல்லும் இன்னொரு கால்வாய் ஊரான வூஜென் இரவு தங்கிப் பார்க்க வேண்டியது, ஒரு நாளில் அடங்காது.

பணம் செலுத்தும் கைபேசிச் செயலிகளான அலிபேயிலோ வீசாட்டிலோ உங்கள் வங்கி அட்டை ஏற்கெனவே இணைந்திருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் வாங்கும் இடத்தில் முதியோர் சலுகை உண்டா என்று கேட்க அது வேண்டும்.