பெர்லில் இருந்து ரூபிக்கு: காத்திருக்காமல் சாக்கெட்டைப் படிப்பது எப்படி?

ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளிடம் சாக்கெட் (வலைப்பின்னல் இணைப்பின் முனை) வழியாக அளவீடு வாங்கும் பெர்ல் நிரலை ரூபி மொழிக்கு மாற்றுகிறீர்கள். ஒரு காற்றாலை பதில் தராவிட்டாலும் மற்றவை நிற்கக் கூடாது என்கிறீர்கள். சரி.

பெர்லில் பிளாக்கிங்கை (தரவு வரும்வரை காத்து நிற்பதை) 0 ஆக்கி, படிக்கும் சிஸ்ரீட்டைக் கூப்பிட்டால், தரவு வராதபோது அன்டெஃப் (மதிப்பில்லை) கிடைக்கும், பிழை எண் ஈஅகெய்ன் ('பிறகு முயற்சி செய்'). எதிர்முனை மூடிவிட்டால் 0. ரூபியின் ரீட்_நான்பிளாக் இரண்டுக்குமே எக்செப்ஷன் (நிரலின் ஓட்டத்தை முறிக்கும் பிழை அறிவிப்பு) வீசும்: முதலாவதுக்கு ஐஓ::வெயிட்ரீடபிள், அடுத்ததுக்கு ஈஓஎஃப்எரர். எனக்கு அது பிடிப்பதில்லை. தரவு தாமதமாவது ஆடிக்காற்று மாதிரி, எதிர்பார்த்ததுதானே! 'எக்செப்ஷன்: ஃபால்ஸ்' கொடுங்கள், :வெயிட்_ரீடபிள் என்ற சிம்பல் திரும்பும். உடனே, சாக்கெட் தயாராகும்வரை பார்த்துக்கொள்ளும் ஐஓ.செலக்ட்டிடம் சாக்கெட்டையும் 5 விநாடி கெடுவையும் ஒப்படையுங்கள். கெடு தாண்டினால் செலக்ட் நில் (வெற்று மதிப்பு) தரும், அடுத்த காற்றாலைக்குப் போகலாம்.

பெர்ல்காரர்கள் வழுக்குவது இங்கேதான்: 'எக்செப்ஷன்: ஃபால்ஸ்' கொடுத்த ரீட்_நான்பிளாக்கே நில் தந்தால் 'இன்னும் வரவில்லை' என்று அர்த்தமில்லை, எதிர்முனை மூடிவிட்டது. அன்டெஃப் நினைப்பில் திரும்பத் திரும்பப் படித்தால் லூப் ஓயாமல் சுற்றி சிபியுவைத் தின்றுவிடும்.

அப்புறம், காத்திருக்காமல் இணைப்பைத் தொடங்கும் கனெக்ட்_நான்பிளாக். இணைப்பு இன்னும் முடியாதபோது அதற்கு ஐஓ::வெயிட்ரைட்டபிள் எக்செப்ஷன் வரும். செலக்ட்டில் எழுதும் பக்கம் தயாரானதும் மறுபடி கூப்பிடுங்கள். 0 வந்தாலும் ஈஐஎஸ்கான் ('ஏற்கெனவே இணைந்துவிட்டது' என்ற பிழை) வந்தாலும் இணைப்பு கிடைத்துவிட்டது.