வாசகர் கேள்வி பதில்: முதல் நாள் வசூலும் இருபத்தைந்து ரூபாய்ப் பங்கும்

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அபிமான நடிகர் படத்தின் முதல் நாள் வசூல் அத்துப்படி. வ.உ.சி. யார் என்றால் 'கப்பல் ஓட்டினார்' என்பதோடு சரி. எப்படித் திருத்துவது?
– வாசகர், கோவில்பட்டி

திருத்த வேண்டியது பையனை அல்ல. வசூல் கணக்கில் எண் இருக்கிறது, போட்டி இருக்கிறது, யார் ஜெயித்தார் என்ற பரபரப்பு இருக்கிறது. வ.உ.சி.யை நாம் கொடுக்கும்போது இந்த மூன்றையும் உருவிவிட்டு, பிறந்த தேதியையும் பட்டப்பெயரையும் மட்டும் நீட்டுகிறோம்.

அவர் கதையும் அசல் வசூல் போட்டிதான். 1906இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கியபோது திட்டமிட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். எத்தனை பங்கு விற்க வேண்டும் என்று பையனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 40,000 வரும். ஊர் ஊராகப் போய் அத்தனையும் விற்பது என்றால் என்னவென்று அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து கட்டணச் சண்டை. கொழும்புக்குப் போகும் பயணிகளை இழுக்க பிரிட்டிஷ் இந்தியா என்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்தது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 'நீ முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் இரண்டு இருபதாண்டுத் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு என்பதெல்லாம் அதன் பிறகு வரட்டும். அந்தச் செக்கு சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவில்லம், பக்கத்திலேயே இருக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறு மூன்றையும் பார்த்துவிடலாம். கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலைக்கு இடம் வாங்கி நிறுவியவர் நடிகர் சிவாஜி கணேசன். பையனிடம் அதை முதலில் சொல்லுங்கள், வண்டியில் ஏறிவிடுவான்.

வரலாற்றுப் படங்களை வகுப்பில் போட்டுக் காட்டினால் போதாதா?
– ஆசிரியை, விருதுநகர்

போட்டுக் காட்டுங்கள், ஆனால் முழுப் படம் வேண்டாம். மூன்று மணி நேரம் ஓடினால் பாட்டும் சண்டையும்தான் மனதில் தங்கும். பத்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: யார், எங்கே, எப்போது. பிறகு பாடநூலோடு ஒப்பிடட்டும்.

கட்டபொம்மன் விஷயத்தில் வழக்கமாக நேரும் குழப்பம் ஒன்று உண்டு. ஜாக்சன் துரையோடு மோதும் வசனம் மட்டும் தனியே சுற்றுவதால், தூக்கிலிட்டதும் ஜாக்சன்தான் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். கலெக்டர் ஜாக்சனோடு மோதல் நடந்தது 1798இல், ராமநாதபுரத்தில். அதன் பிறகு ஜாக்சனின் பதவியே போய், லஷிங்டன் வந்துவிட்டார். தூக்கு 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில், மேஜர் பானர்மன் உத்தரவில். மூன்று கட்டத்தையும் நிரப்பினாலே இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தலைவர்கள் பிறந்தநாளில் பேச்சுப் போட்டி வைத்தால் ஆர்வம் வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

அப்பா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதைவிட வ.உ.சி. அகவற்பாவில் எழுதிய சுயசரிதையிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்து, மூன்று கேள்வி கேளுங்கள். இன்னொன்று: அவர் பிறந்த செப்டம்பர் 5, ஆசிரியர் தினக் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போகும். நினைவு நாளான நவம்பர் 18இல் வைத்துக்கொள்ளுங்கள்.