மகள் சேஃப்டி படிக்கட்டுமா? சாத்தூர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள். தொழிற்சாலைப் பாதுகாப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 'ஃபயர் அண்ட் சேஃப்டி' என்று ஒரு வருட டிப்ளமோ, ஒன்றரை லட்சம் கட்டணம், முடித்ததும் துபாயில் வேலை என்று ஒரு பயிற்சி நிறுவனத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே உங்கள் பட்டாசு ஆலை வேலையைப் பற்றி எழுதியிருந்த வரிதான் என்னை நிறுத்தியது: "பதினெட்டு வருசமா பயர் ஆபீஸ்ல உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேலை பார்த்தேன் சார், இவளும் அந்தப் பக்கமே போகணுமா?"

போகட்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த டிப்ளமோ வழியாக வேண்டாம்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். பட்டாசு மருந்து அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தானே உள்ளே போவீர்கள்? நைலக்ஸ் புடவை கூடாது, நூல் புடவைதான் கட்ட வேண்டும் என்பார்களே? நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் சேரும் மின்னூட்டம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. இறங்காமல் விரல் நுனியில் ஒரு சின்னப் பொறியாகத் தெறித்தால், அலுமினியப் பவுடர் கலந்த மருந்துக்கு அதுவே போதும். பட்டாசுக்கான மணிமருந்தில் உராய்வு என்று பேப்பரில் வருகிற செய்திகள் சிலவற்றுக்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்கும் இருக்கலாம். அந்தத் தகட்டை அங்கே வைக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அதன் எர்த் கம்பி அறுந்து கிடக்கிறதா என்று ஒருவர் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் கேட்பது அந்த ஒருவரின் வேலையை. பதினெட்டு வருடம் உங்களுக்காக யாராவது அதை ஒழுங்காகப் பார்த்திருந்தால் நீங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள். அவள் மனதில் இது எங்கிருந்து வந்தது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இனி படிப்பு. இந்தத் துறையில் வரிசை ரொம்ப முக்கியம்: முதலில் அனுபவம், பிறகு டிப்ளமோ. நோட்டீஸ்காரர்கள் இதைத் தலைகீழாக விற்கிறார்கள்.

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் என்பது சட்டப்படியான பதவி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு, 1000 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் இவரை நியமிக்கச் சொன்னது. அதையொட்டி, மாநிலங்கள் பின்பற்றுவதற்கென்று எழுதிய மாதிரி விதிகளில் தகுதி தெளிவாக இருக்கிறது. பொறியியல் பட்டம் என்றால் ஆலையில் மேற்பார்வைப் பொறுப்பில் 2 ஆண்டு அனுபவம். இயற்பியல், வேதியியல் பட்டம் என்றாலோ பொறியியல் டிப்ளமோ என்றாலோ 5 ஆண்டு. அதற்கு மேல், மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். வேதியியல் பட்டதாரிக்கு இதில் நேரடியாக இடம் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் அந்த 5 ஆண்டைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கல்லூரி முடித்த கையோடு ஒன்றரை லட்சம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் 'சேஃப்டி ஸ்டூவர்டு' என்று சட்டை மாட்டி வாசலில் ஹெல்மெட் எண்ண வைப்பார்கள். அப்படிப் போன பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துதான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

ஆகவே இப்போது அவள் தேட வேண்டியது வேலை. மணலி, கடலூர், ராணிப்பேட்டை, தூத்துக்குடி பக்கம் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. பெயிண்ட், மருந்து, உரம் எதுவானாலும் சரி. ஒன்றில் மட்டும் கவனம். வேதியியல் படித்த பெண் என்றதும் ஆய்வகத்தில் உட்கார வைப்பார்கள். ஏசி அறை, நிம்மதி. ஆனால் விதி கேட்பது மேற்பார்வை அனுபவம். ஆறு மாதம் ஆய்வகத்தில் இருந்தாலும் பிறகு உற்பத்திப் பிரிவுக்கு மாற்றிக் கேட்க வேண்டும். இரவு ஷிஃப்ட் பற்றிக் கவலைப்படுவீர்கள். இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்ணை வேலை வாங்க அவளுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது.

அந்தப் புதிய சட்டம், 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இனி 500 தொழிலாளர் இருந்தாலே பாதுகாப்பு அலுவலர் வேண்டும். அபாயகரமான ஆலையிலும் கட்டுமானத்திலும் 250, சுரங்கத்தில் 100. முன்பு ஆயிரம் பேர் இருந்தால்தான் என்ற இடத்தில் இப்போது பாதி போதும் என்பதால் தேவை கூடும்.

அனுபவம் சேர்ந்த பிறகு சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கட்டும். மத்திய அரசு நிறுவனம். அங்கே தரும் தொழிலகப் பாதுகாப்பு உயர் டிப்ளமோவுக்கு எந்த ஆலையிலும் மரியாதை உண்டு. வளைகுடா ஆசை இருந்தால் அப்போது பிரிட்டனின் நெபோஷ் என்ற பாதுகாப்புத் துறைச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம், அங்கே அதைக் கேட்பார்கள். அதற்கும் அனுபவம் சேர்ந்தால்தான் விலை. திருச்சி என்.ஐ.டி.யில் தொழிலகப் பாதுகாப்பில் எம்.டெக். இருக்கிறது, ஆனால் அது பொறியியல் படித்தவர்களுக்கு.

அவளுடைய வேதியியலுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது: தொழில் சுகாதாரம். விபத்து ஒரு நொடியில் முடிந்துவிடும், நோய் இருபது வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். தொழிலாளியின் காலரில் சின்னக் குழாயை மாட்டி, அவர் மூச்சு விடும் இடத்துக் காற்றைப் பம்பில் இழுத்து, அதில் எவ்வளவு தூசி, எவ்வளவு கரைப்பான் ஆவி என்று அளந்து சொல்கிற வேலை. நம் பக்கத்தில் இதைச் செய்ய ஆட்கள் குறைவு.

இந்த வேலைக்கு என்ன மனசு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்போது ஒரு ஆலையில் பாதுகாப்பு அலுவலர். கழிவுநீர்த் தொட்டிக்குள் அடைப்பு. ஆட்கள் இறங்கத் தயாராக நிற்கிறார்கள். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். வெளியே ஆக்சிஜன் 20.9 சதவீதம். அடியில், பாதுகாப்பான எல்லையான 19.5-க்குக் கீழே காட்டுகிறது. மேனேஜர் கத்துகிறார், "நாத்தமே இல்லையே, என்னம்மா ஆயிடும்?" என்று. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. ப்ளோயர் வைத்துக் காற்றடித்து, மறுபடி அளந்து, மதியத்துக்கு மேல்தான் ஆட்களை இறக்கினாள். அதுவரை நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். உங்கள் மகளால் அப்படி நிற்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள்.

இன்னொன்று. பாதுகாப்பு அலுவலரின் தகுதியைச் சொல்லும் அதே விதிகளில், ஆலையில் உள்ள பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் நிறையப் பேர். "கையை எடு" என்று மிஷின் முன்னால் நிற்பவருக்கு அவர் மொழியில் கத்தத் தெரிய வேண்டும். பேசுகிற அளவுக்கு ஹிந்தி கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போதே தொடங்கலாம், செலவும் இல்லை.

நோட்டீஸ் கொடுத்த அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு அவளையே நேரில் போகச் சொல்லுங்கள். "பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு இந்த டிப்ளமோவைத் தமிழ்நாடு அரசு அங்கீகரித்திருக்கிறதா, உத்தரவு நகல் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். எழுத்தில் தந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் என்று எதுவும் கட்ட வேண்டாம். சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும் அம்மா.