ஓகாமி இட்டோவை முடித்தாயிற்று, அடுத்து எந்தப் படம்? (கேள்வி பதில்)

'லோன் உல்ஃப் அண்ட் கப்' கசுவோ கொய்கே எழுதி, கோசெகி கோஜிமா வரைந்த ஜப்பானியக் காமிக்ஸ். 1970இல் தொடங்கி 1976இல் முடிந்தது, 28 தொகுதிகள். ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் மரணதண்டனை அதிகாரி ஓகாமி இட்டோ, யக்யூ குலத்தின் சதியால் மனைவியையும் பதவியையும் இழக்கிறான். சின்னஞ்சிறு மகன் டைகோரோவை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கூலிக்கொலையாளியாக நாடெங்கும் அலைகிறான். அதைப் படித்துவிட்டு அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அக்கா, இந்தக் காமிக்ஸே படமாக வந்திருக்கிறதாமே? எதிலிருந்து தொடங்கலாம்?

ஆறு படங்கள் வந்திருக்கின்றன. 1972இல் மட்டும் நான்கு, 1973இல் ஒன்று, 1974இல் ஒன்று. இட்டோவாக நடித்தவர் டொமிசாபுரோ வகயாமா. தயாரித்தது அவருடைய தம்பி ஷின்டாரோ கட்சுவின் நிறுவனம். கண் தெரியாத வாள்வீரன் ஸாடோய்ச்சியாக இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அதே கட்சுதான். முதல் மூன்றையும் ஐந்தாவதையும் இயக்கியவர் கென்ஜி மிசுமி. முதல் படத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். தந்தை ஒரு பக்கம் வாளையும் இன்னொரு பக்கம் பந்தையும் வைத்துவிட்டு, தவழும் பிள்ளை எதைத் தொடுகிறது என்று பார்க்கும் காட்சி அதில்தான் வருகிறது. வகயாமாவின் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. கோஜிமாவின் கோடுகளில் பார்த்த அதே முகம்.

ஒரு எச்சரிக்கை. 'ஷோகன் அசாசின்' என்று 1980இல் வந்த அமெரிக்கப் பதிப்பை முதலில் பார்க்காதீர்கள். முதல் படத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்து, மீதிக்கு இரண்டாம் படத்தை ஒட்டி, ஆங்கிலக் குரல் கொடுத்துச் செய்தது அது.

கே: பழிவாங்கல் படங்களில் முழுதாக முடிகிறதா?

இல்லை. கடைசிப் படம் வந்தபோது காமிக்ஸே முடிந்திருக்கவில்லை. முடிவு புத்தகத்தில்தான் இருக்கிறது.

கே: எனக்கு வாள்சண்டை இரண்டாம் பட்சம். காமிக்ஸில் இருந்த அந்தக் கனம் வேண்டும். எந்தப் படத்தில் கிடைக்கும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மசாகி கோபயாஷியின் 'ஹரகிரி', 1962.

1630. எடோவில் (இன்றைய டோக்கியோ) ஈயி குலத்தின் மாளிகை வாசலுக்கு ஒரு நடுவயது ரோனின் வருகிறான். எஜமானை இழந்த சாமுராய்க்குத்தான் ரோனின் என்று பெயர். அவனுடைய எஜமானர் ஃபுகுஷிமா குலம். ஹிரோஷிமாக் கோட்டையை அனுமதி இல்லாமல் பழுதுபார்த்தார் என்பதற்காக ஃபுகுஷிமா மசனோரியின் நாட்டை ஷோகுனின் அரசு 1619இல் பறித்தது, இது வரலாறு. அவரை நம்பி இருந்தவர்களுக்கு ஒரே நாளில் சம்பளமும் இல்லை, ஊரும் இல்லை. வந்தவன், "வறுமையில் சாவதைவிட உங்கள் முற்றத்தில் கௌரவமாக வயிற்றைக் கிழித்துச் சாக இடம் கொடுங்கள்" என்று கேட்கிறான். காசு பறிக்கத்தான் வந்திருக்கிறான் என்று மாளிகைக்காரர்கள் நினைக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் இதே வாசலுக்கு வந்த ஓர் இளைஞனின் கதையை, பயமுறுத்துவதற்காக அவனிடம் சொல்கிறார்கள். அந்த இளைஞனின் உறையில் இருந்தது மூங்கில் வாள். அதைக்கொண்டே அவனைச் சாக வைத்தார்கள்.

இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ரோனினாக நடித்த டட்சுயா நகதாய்க்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வெள்ளைப் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஒரு மாளிகையை அசைத்துவிடுகிறார். முதல் காட்சியில் வரும் முன்னோர்களின் போர்க்கவசத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காமிக்ஸுக்கும் இதற்கும் வேர் ஒன்று. யக்யூக்கள் சதி செய்து இட்டோவின் மேல் துரோகப் பழி விழுந்து, வயிற்றைக் கிழித்துக்கொள்ள ஆணை வருகிறது. அவன் மறுத்துவிட்டு நரகத்தின் பாதையைத் தேர்ந்தெடுக்கிறான். கௌரவம் என்ற பெயரில் மேலே இருப்பவர்கள் எழுதிக் கொடுத்த சாவை இட்டோ ஏற்கவில்லை. 'ஹரகிரி'யும் அந்தச் சாவைத்தான் கேள்வி கேட்கிறது.

கே: எந்தப் படத்தில் ஆரம்பிப்பது?

மேலே சொல்லிவிட்டேன். தொடரின் முதல் படம், அப்புறம் 'ஹரகிரி'.

கே: 'ஹரகிரி'யை நீங்கள் இவ்வளவு தூக்கிப் பிடிப்பது சரியில்லை. அது சாமுராய் மரபையே கேவலப்படுத்தும் படம். ஆயிரம் ஆண்டு புஷிதோவை, அந்தச் சாமுராய் நெறியை, 1960களின் அரசியல் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் ஆயிரம் ஆண்டு புஷிதோவின் வயதை முதலில் பார்ப்போம். இன்று உலகம் 'புஷிதோ' என்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இனாசோ நிதோபே 1900இல் ஆங்கிலத்தில், வெளிநாட்டவருக்காக எழுதிய நூலிலிருந்து வந்தது. சாவைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 'ஹகாகுரே' என்ற சாமுராய் நூல் 1716 வாக்கில் முடிந்தது. அதைச் சொன்ன யமமோட்டோ சுனெடோமோ ஒரு போர்க்களத்தையும் பார்த்ததில்லை. ஷிமபாரா கிளர்ச்சி 1638இல் அடங்கிய பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெரிய போரே இல்லை. வாள் இடுப்பில் இருந்தது, வேலை கணக்கெழுதுவதும் காவல் நிற்பதும். அந்த வெற்றிடத்தில்தான் கௌரவத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு வளர்ந்தது. கோபயாஷி கேவலப்படுத்துவது சாமுராய்களை இல்லை. ஒரு வீட்டின் பெயரைக் காப்பாற்ற மனிதனைப் பலி கொடுப்பதைத்தான்.

கே: (அதே நண்பர்) அப்படியானால் ஓகாமி இட்டோவுக்கும் கௌரவம் கிடையாதா? வாக்குக் கொடுத்தால் உயிரைக் கொடுத்தாவது முடிக்கிறானே.

உண்டு. ஆனால் அது எந்தக் குலமும் கொடுத்த கௌரவம் இல்லை, அவனாகச் சுமந்துகொண்டது. அதற்காக அவன் மகனின் குழந்தைப்பருவத்தையே விலையாகக் கொடுக்கிறான் என்பதைக் கொய்கே ஒரு தொகுதியிலும் மறைக்கவில்லை. அதனால்தான் அவனை வியந்து படிக்கும்போதே நமக்கு வலிக்கிறது.

கே: இரண்டு பேர் சண்டையில் நானும் ஒரு வார்த்தை. இயக்குநர் அகிரா குரோசவா சாமுராய்களை உயர்த்தித்தானே காட்டினார்?

'ஏழு சாமுராய்' (1954) படத்தை இன்னொரு முறை பாருங்கள். தோற்ற சாமுராய்களைக் கொன்று பறித்த கவசங்களை விவசாயிகள் ஒளித்து வைத்திருப்பது தெரிந்ததும், நடிகர் டோஷிரோ மிஃபுனேயின் பாத்திரம் கத்தும் இடம். "விவசாயிகளை இப்படி ஆக்கியது யார்? நீங்கள், சாமுராய்கள்தான்" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அதன் திரைக்கதையில் பங்கேற்ற ஷினோபு ஹாஷிமோட்டோதான் 'ஹரகிரி'யையும் எழுதினார். ஆக இரண்டும் எதிரெதிர் முகாம் இல்லை. சரி, இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: நான் 'வாகபாண்ட்' காமிக்ஸின் வாசகன். 2015இலிருந்து நின்றுபோய்க் கிடக்கிறது. அதன் நாயகனான வாள்வீரன் மியமோட்டோ முசாஷிக்கு நல்ல படம் உண்டா?

இரண்டு தொடர்கள் உண்டு, இரண்டும் 'வாகபாண்ட்' தழுவிய எய்ஜி யோஷிகாவாவின் அதே நாவலிலிருந்து வந்தவை. ஹிரோஷி இனாகாகியின் மூன்று படங்கள் (1954 முதல் 1956) மிஃபுனே நடித்த வண்ணப்படங்கள், அழகானவை. ஆனால் 'வாகபாண்ட்' வரைந்த தகேஹிகோ இனோவேயின் முசாஷியைத் தேடுகிறவருக்கு டோமு உச்சிதாவின் ஐந்து படங்களே (1961 முதல் 1965) நெருக்கம். வென்ற பிறகும் கையில் ஒட்டியிருக்கும் ரத்தத்தை அவை மறக்கவிடாது. அதில் முசாஷியாக வரும் கின்னோசுகே நகமுராதான் பிற்பாடு தொலைக்காட்சித் தொடரில் ஓகாமி இட்டோவாக நடித்தார்.

கே: ரத்தம் நிறைய வேண்டும்.

கொய்கே எழுதிய இன்னொரு காமிக்ஸிலிருந்து வந்த 'லேடி ஸ்னோபிளட்', 1973.

கே: 'ஷோகன் அசாசின்' ஒன்றைப் பார்த்தால் போதாதா? ஆறு படத்துக்கு நேரமில்லை.

போதாது. பேசாத பிள்ளையைக் கதைசொல்லி ஆக்கி, அவன் மௌனத்தையே எடுத்துவிட்டார்கள். நேரமில்லையென்றால் முதல் இரண்டு மூலப்படங்களைப் பாருங்கள், இரண்டும் சேர்ந்தே மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கே: பத்து வயதுப் பையனோடு பார்க்க?

மேலே சொன்ன எதுவும் வேண்டாம். குரோசவாவின் 'ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்' (1958). புதையல், இளவரசி, பேராசை பிடித்த இரண்டு விவசாயிகள்.

கே: எதிலிருந்து தொடங்கலாம்?

தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எனக்கு அந்தத் தந்தையும் பிள்ளையும்தான் முக்கியம். கொலை இல்லாமல் அந்தப் பாசம் மட்டும் எந்தப் படத்திலாவது உண்டா அக்கா?

உண்டு. யோஜி யமதாவின் 'ட்வைலைட் சாமுராய்' (2002). காசநோயில் மனைவியைப் பறிகொடுத்த செய்பேய் கிடங்கில் கணக்கெழுதும் கடைநிலைச் சாமுராய். வேலை முடிந்ததும் நண்பர்கள் குடிக்கக் கூப்பிட்டாலும் போகாமல் வீட்டுக்கு ஓடுகிறான். இரண்டு பெண்பிள்ளைகள், நினைவு தப்பிய தாய், அப்புறம் இரவெல்லாம் பூச்சிக்கூண்டு செய்து கிடைக்கும் சில்லறை, இவைதான் அவன் வாழ்க்கை. பெரிய பெண் படிப்பு எதற்கு என்று கேட்க, அவன் பதில் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். கொலையே இல்லை என்று சொல்ல முடியாது, கடைசியில் ஒரு சண்டை உண்டு. இருட்டான வீட்டுக்குள், இரண்டு களைத்த மனிதர்களுக்கு நடுவில். செய்பேயின் உறையிலும் இருப்பது மூங்கில் வாள்தான், நிஜ வாளை மனைவியின் ஈமச்சடங்குக்காக விற்றுவிட்டான். 'ஹரகிரி' பார்த்த அடுத்த நாள் இதைப் பாருங்கள்.