"குடிக்கிறீங்களா" என்று கேட்காதீர்கள், "எவ்வளவு" என்று கேளுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் மகளிர் குழு மாதம் ஒரு ஞாயிறு பிரஷர், சுகர் பார்க்கும் முகாம் நடத்துகிறது. தனியாக வாழும் வயதானவர்கள், கட்டட வேலை, துப்புரவு வேலை செய்பவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். பலருக்குக் குடிதான் பிரச்னை என்று பார்த்தாலே தெரிகிறது. கேட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த மாதம் வருவதில்லை. எப்படிக் கேட்பது, எங்கே அனுப்புவது? போன வாரம் ஒரு பெரியவரிடம் "இன்றோடு விட்டுவிடுகிறேன்" என்று சத்தியம் வாங்கினோம். அது சரிதானா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். அந்தப் பெரியவர் தினமும் குடிப்பவரா, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா என்று இன்றைக்கே போய் விசாரியுங்கள். ஆமாம் என்றால் அந்தச் சத்தியத்தை நீங்களே விடுவித்துவிட்டு, அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நல்ல மனதோடு செய்தீர்கள், தெரியும். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு ஃபிட்ஸ் வரும். இரண்டு, மூன்று நாள் கழித்து சிலர் இடம், நேரம் தெரியாமல் பிதற்றுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார்கள். வீட்டில் இதைப் பேய் பிடித்ததாக நினைத்துவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை. நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் இதை நான் பார்ப்பேன். மாலை போட்ட அன்றே குடியை அடியோடு நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் கறுப்பு வேட்டியோடு ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்கள் உண்டு. விரதத்தில் தவறே இல்லை. மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் டாக்டரைப் பார்த்திருந்தால், நடுக்கத்துக்கும் ஃபிட்ஸுக்கும் மாத்திரை கொடுத்துப் பத்திரமாக நிறுத்தியிருக்கலாம். டாக்டரைப் பார்க்கும்வரை, தினமும் குடிப்பவர் தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சோர்வாக இருக்கிறது என்று தெரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், "இவர் தினமும் குடிப்பவர்" என்று அங்கே கட்டாயம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கக்கூடும்.

சரி, இனி கேட்கும் விஷயம்.

"குடிக்கிறீங்களா?" என்பதைக் கேள்வியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. குற்றம் சாட்டுவதாகத்தான் காதில் விழும். அதுவும் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியே பிரஷர் பட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டால், "இல்லை" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? ஒரு ஓரத்தில் இரண்டு நாற்காலி தனியாகப் போடுங்கள். வருகிற எல்லோரையும் அங்கே உட்கார வைத்து ஒரே மாதிரி கேளுங்கள், கோயில் பூசாரியானாலும் சரி, உங்கள் குழுத் தலைவியின் கணவரானாலும் சரி. எல்லோரையும் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும்.

பேச்சைத் தொடங்க உங்கள் கையிலேயே நல்ல வழி இருக்கிறது. "அண்ணா, மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலையே. குடியாலயும் பிரஷர் ஏறும். வாரத்துல எத்தனை நாள் எடுப்பீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?" குடிக்கிறார் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு அளவைக் கேட்கிறீர்கள். குடிக்காதவர் சிரித்துக்கொண்டே "பழக்கமே இல்லம்மா" என்பார். குடிப்பவர் "ரெண்டு நைன்டி" என்று சொல்லிவிடுவார்.

அந்த பதிலை எண்ணாக மாற்ற உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். எத்தனை நாள், எவ்வளவு, ஒரே நேரத்தில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது எத்தனை தடவை என்பவை முதல் மூன்று. தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, வேலை கெட்டதா, காலையில் எழுந்ததும் வேண்டியிருக்கிறதா, குற்ற உணர்ச்சி, முந்தைய இரவு மறந்துபோவது, அடிபட்டது, வீட்டாரோ டாக்டரோ குறைக்கச் சொன்னது ஆகியவை மீதி. 30 மி.லி. பிராந்தி, விஸ்கியை ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடையில் விற்கும் 90 மி.லி. பாக்கெட் மூன்று, குவாட்டர் ஆறு. "பீர்தானே" என்று தள்ளிவிடாதீர்கள், 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஏறக்குறைய நாலு.

தினமும் ஒரு குவாட்டர் அடிப்பவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு 4, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4. மீதி ஏழு கேள்விக்குப் போகுமுன்னே 10 வந்துவிட்டது. 8 தொட்டாலே கவனிக்க வேண்டும். 15 வரை இருப்பவரிடம் ஐந்து நிமிடம் நிதானமாகப் பேசி, குறைக்க வழி சொல்வதே பலன் தரும். 16 முதல் 19 வரை திரும்பத் திரும்ப ஆலோசனையும் கண்காணிப்பும் வேண்டும். 20-ஓ அதற்கு மேலோ என்றால் போதை சிகிச்சை மருத்துவரிடம்தான் போக வேண்டும். வயதானவர், ஒல்லியானவர், ஈரல் கோளாறுள்ளவர், டி.பி. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இந்த எண்களுக்குக் காத்திருக்காதீர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் குடித்தாலே கெடுதல் அதிகம்.

பெண்களைக் கேட்க மறந்துவிடாதீர்கள். விடிகாலை துடைப்பத்தோடு இறங்கும் அக்காக்கள் பலர் பசி தெரியாமலிருக்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். வலிக்கு, தூக்கத்துக்கு என்று மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையும் பழக்கமாகிவிடும். குடி, புகையிலை, கஞ்சா, தூக்கமாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க அதே நிறுவனத்தின் 'அசிஸ்ட்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் உண்டு. தூக்கமாத்திரையையும் சட்டென்று நிறுத்தச் சொல்லக்கூடாது, அதிலும் ஃபிட்ஸ் வரும்.

இன்னொன்று. மதிப்பெண்ணைப் பிரஷர் நோட்டில் பெயருக்கு எதிரே எழுதாதீர்கள். அந்த நோட்டு எத்தனை கைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு முறை வெளியே கசிந்தால் போதும், முகாமுக்கே ஆள் வராது.

எங்கே அனுப்புவது? ஓசூர் ரோட்டில் உள்ள மனநல ஆஸ்பத்திரியான நிமான்ஸில் போதை சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. அல்சூரிலிருந்து எட்டிப்போகும் தூரத்தில் சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி. விக்டோரியா, கோரமங்கலா செயின்ட் ஜான்ஸ் ஆகிய இடங்களிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆனால் விலாசம் எழுதிக் கொடுப்பதை அனுப்புவது என்று நான் எண்ணுவதில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. என் அனுபவத்தில் பலர் நின்றுபோவது ஆஸ்பத்திரி வாசலில்தான். ஒரு நாள் கூலி போகும், ஓ.பி. சீட்டு எங்கே என்று தெரியாது, கன்னடத்தில் எழுதிய பலகை படிக்க வராது. நிமான்ஸ் என்றதும் "என்னைப் பைத்தியம்னு நினைச்சீங்களா?" என்பார்கள். "பிரஷர் ஏன் இறங்கலைன்னு பார்க்கத்தான் போறோம், நானும் வர்றேன்" என்று குழுவில் ஒருவர் முதல் தடவை கூடப் போனால் நிலைமையே மாறும். ஆதார், ரேஷன் கார்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்குச் சம்மதமில்லாமல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வரமாட்டேன் என்றால் விடுங்கள், அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள். "போன வருஷம் மாலை போட்டப்போ ஒரு மண்டலம் தொடாம இருந்தீங்களே, அது எப்படி முடிஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள். அவரே பேச ஆரம்பிப்பார்.

நேரில் போக முடியாதபோது 14416-ஐக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. போதைப் பழக்கத்துக்கென்று 14446 இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியை யாரும் வாங்க விடாதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்புக்குள் இருக்கும்போது அவர் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அடுத்தது, வண்டியோடு வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மறுவாழ்வு மையங்கள். 2017 மனநலச் சட்டம் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. அதன்படி யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது, சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது, மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் என்றைக்கு வருவார், வீட்டார் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி நடங்கள். கட்டிய தழும்போடு வந்த மணிக்கட்டுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிகிச்சைக்குப் போனவர் மறுபடி குடித்துவிட்டார் என்று தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள். சுகர் ஏறி இறங்குவது போலத்தான் இதுவும். மாத்திரை தொடர்கிறாரா, அடுத்த தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள்.

அந்தப் பெரியவரை இன்று பார்க்கும்போது, சத்தியத்தை மீறினாரா என்று கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ கொடுங்கள். டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள். முழுக்க ஊற்றினால் நடுங்கும் கையில் சிந்திவிடும் என்ற பயத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.