கறிவேப்பிலையைத் தின்ன வந்தது யார்?

கேள்வி: வணக்கம் அம்மா. தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். பச்சைப் புழு ஒன்று வந்து கொழுந்தையெல்லாம் மொட்டையடிக்கிறது. வேப்பெண்ணெய் போதுமா, உரக்கடையில் மருந்து கேட்கவா?
- திண்டுக்கல் வாசகி

பதில்: எண்ணெயை ஓரமாக வைத்துவிட்டு முதலில் புழுவைப் பாருங்கள் அம்மா. கழுத்துப் பக்கம் தடித்து, அங்கே கண் வரைந்தது போல இரண்டு புள்ளி இருக்கிறதா? ஈர்க்குச்சியால் முதுகை மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்று துருத்திக்கொண்டு வெளியே வரும், கூடவே காட்டமான வாடையும் வரும். எறும்பையும் குளவியையும் விரட்ட அதற்கு இருக்கும் ஆயுதம் அது. உங்களை ஒன்றும் செய்யாது.

கொம்பு வந்தால், உங்கள் வீட்டில் வளர்வது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, இல்லையென்றால் அதன் நெருங்கிய உறவு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்த்து, சரியான செடிதான் என்று தெரிந்த பிறகே கொழுந்தில் முட்டை வைக்கும். முட்டை உருண்டையாக, வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். அதிலிருந்து வரும் குட்டிப் புழு பச்சையாக இருக்காது. கறுப்பும் வெள்ளையும் கலந்து, அசல் பறவை எச்சம்தான். குருவி ஏமாந்து போய்விடும். தோல் உரித்து உரித்துப் பெரிதான பிறகுதான் பச்சைக்கு மாறும். எனவே நாளைக்கு இலையில் எச்சம் கிடந்தால் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள்.

தின்று முடித்ததும் ஒரு குச்சியிலோ சுவரிலோ போய், இடுப்பைச் சுற்றிப் பட்டு நூலால் கச்சை கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். அதுதான் கூட்டுப்புழு. பெரும்பாலும் பச்சைத் தண்டில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருக்கும். ஏறக்குறைய பத்து நாளில் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். அப்போது இறக்கை கசங்கிக் கிடக்கிறதே என்று கை வைத்துவிடாதீர்கள். உடம்பிலிருந்து இறக்கை நரம்புக்குள் நீரைச் செலுத்தி அது தானாகவே விரித்துக் காயவைத்துக்கொள்ளும். இதைப் பார்க்கக் குழந்தைகளைக் கூப்பிடுங்கள். பாடப் புத்தகத்துப் படம் இதற்கு ஈடாகாது.

செடி என்னாகும் என்ற உங்கள் கவலையும் நியாயம்தான். கறிவேப்பிலை, நுனி போனால் பக்கத்தில் கிளைக்கும் செடி. கொஞ்சம் பெரிதாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். சின்னக் கன்று என்றால், புழுவைப் பிய்த்தெடுக்காமல் அது இருக்கும் இலையோடு கிள்ளி, பெரிய கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ விட்டுவிடுங்கள். எங்கள் கொல்லையில் கிணற்றடி மரம் சமையலுக்கு, மதிலோரச் செடி இவர்களுக்கு. மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் குஞ்சுக்குக் கொண்டுபோவது இந்த மாதிரிப் புழுக்களைத்தான். அப்புறம், அதே இலையைத்தானே நீங்களும் ரசத்தில் போடுகிறீர்கள்!

கேள்வி: பளபளக்கும் கருநீலக் குட்டிக் குருவி ஒன்று தினமும் காலையில் என் ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்துகிறது. பாட்டி கெட்ட சகுனம் என்கிறார். உண்மையா?
- மதுரை வாசகர்

பதில்: சகுனமெல்லாம் இல்லை என்று பாட்டியிடம் சொல்லுங்கள் தம்பி. அது ஆண் ஊதாத் தேன்சிட்டு. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை, தன் இடத்துக்குப் போட்டியாக வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. நிறுத்தியதும் கண்ணாடிமேல் பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். பாவம், அதற்குத் தெம்பு மிச்சமாகும்.

பக்கத்திலேயே கூடு இருக்க வாய்ப்பு அதிகம். கொடிக்கயிறு, தொங்கும் ஒயர், தாழ்ந்த கிளை எல்லாம் பாருங்கள். சிலந்தி நூலால் பட்டைத் துணுக்கையும் காய்ந்த இலையையும் ஒட்டிய பை ஒன்று தொங்கும். வாசலுக்கு மேலே மழை இறங்காமல் சின்னத் தாழ்வாரம்கூட இருக்கும். கட்டுவது பெண். குஞ்சு பொரித்ததும் ஆணும் இரை கொண்டுவரும். செம்பருத்தி இருந்தால் பூவின் அடிப்பக்கத்தையும் கவனியுங்கள். வாய் வழியாக எட்டாத தேனை, தேன்சிட்டு அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சியிருக்கும்.

கேள்வி: தோட்டத்தில் இரண்டு பெரிய பாம்புகள் பின்னிக்கொண்டு எழும்பின. சாரையும் நல்லபாம்பும் இணைசேர்கின்றன என்கிறார்கள் ஊரில்.
- மன்னார்குடி வாசகர்

பதில்: சாரையும் நல்லபாம்பும் இணைசேராது, இரண்டும் வேறு வேறு இனம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். கடிக்காமல், ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும், தோற்றது போய்விடும். சாரைக்கு விஷம் கிடையாது, வயலில் எலியைக் குறைப்பதும் அதுதான். ஆனால் நல்லபாம்புகளும் இப்படி மோதும் என்பதால் கிட்டே போக வேண்டாம், கல்லும் எறிய வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் 101-க்கு அழைத்துத் தீயணைப்பு வீரர்களை வரச் சொல்லுங்கள். தோட்டத்தில் என்றால், வீட்டில் உள்ளவர்களை மாடிக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து நிம்மதியாகப் பாருங்கள்.